ஒரே நாளில் லண்டன், குடும்பத்தோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர் வீட்டுக்கோ வேலையாகவோ லண்டன் போகிறவர்களுக்கு ஊர் சுற்ற முழுசாக ஒரு நாள்தான் கிடைக்கிறது என்பது சகஜம். கூடவே பள்ளிக்கூடப் பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், சைவச் சாப்பாடு என்று நிபந்தனைகளும் இருக்கும். அப்படிப்பட்ட குடும்பங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்க முடியும்?

மூன்று. வெளியே நின்று பார்க்கும் பகுதி ஒன்று, டிக்கெட் வாங்கி உள்ளே போகும் இடம் ஒன்று, பூங்காவோ இலவச மியூசியமோ ஒன்று. ஏழெட்டு இடம் எழுதி வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பார்க்கும் நேரத்தைச் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார்கள், நடுவில் போகும் நேரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். டியூபில், அதாவது லண்டன் சுரங்க ரயிலில், பத்து நிமிஷப் பயணம் என்றால், வாசலுக்கு வாசல் முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம் ஆகும். ஸ்டேஷனுக்கு நடை, எஸ்கலேட்டர், சுரங்கப் பாதை, ரயிலுக்குக் காத்திருப்பு, சரியான வாசலைத் தேடி வெளியே வருவது எல்லாம் அதில் அடக்கம். ஐந்து பேர் போகும்போது ஒருவருக்குக் கழிப்பறை, ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்கு ஷூ நாடா என்று மேலும் கால் மணி நேரம் கரையும்.

அதனால் இடங்களைப் புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், பக்கத்துப் பக்கமாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர், செயின்ட் ஜேம்ஸ் பூங்கா, டிரஃபால்கர் சதுக்கம் ஒரு கொத்து. டவர் ஆஃப் லண்டன், டவர் பிரிட்ஜ் இன்னொரு கொத்து. சவுத் கென்சிங்டனில் இருக்கும் மியூசியங்கள் மூன்றாவது கொத்து. ஒரு நாளைக்கு இரண்டு கொத்துதான். மூன்றாவதைத் தொட்டால் மாலை ஐந்து மணிக்கு யாராவது அழுவார்கள், அது பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

சரி, ஒரு திட்டம் சொல்லுங்கள். எங்கே ஆரம்பிப்பது?

முதன்முறை வருபவர்களுக்கு ஒத்துவரும் வரிசை இது. காலை எட்டு மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷன். வெளியே வந்ததும் தலைக்கு மேல் எலிசபெத் கோபுரம் நிற்கும். 96 மீட்டர் உயரம். பிக் பென் என்பது உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர். பாலத்தின் நடுவரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தால் நாடாளுமன்றம் முழுதும் ஒரே படத்தில் வரும். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஒன்பதேகால் வாக்கில் பேர்ட்கேஜ் வாக் வழியாக செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குள் போங்கள். பக்கிங்காம் அரண்மனைப் பக்கத்து மூலையில் சிறுவர் விளையாட்டிடம் இருக்கிறது. பிள்ளைகளை அரை மணி அங்கே விட்டால் அடுத்த இரண்டு மணி நேரம் முணுமுணுக்காமல் வருவார்கள். ஏரியில் கூழைக்கடாக்கள் நீந்தும். 1664இல் ரஷ்யத் தூதர் அரசருக்குப் பரிசாகக் கொடுத்ததிலிருந்து இந்தப் பூங்காவில் கூழைக்கடா வளர்க்கிறார்கள்.

பத்தே முக்காலுக்குப் பூங்காவின் மறுமுனையில் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானம், பதினொன்றுக்குக் குதிரைக் காவலர் மாறும் சடங்கு. அங்கிருந்து வைட்ஹால் வழியாகப் பத்து நிமிஷம் நடந்தால் டிரஃபால்கர் சதுக்கம். அங்கேயே மதியச் சாப்பாடு. பிறகு பக்கத்திலிருக்கும் சேரிங் கிராஸ் நிறுத்தத்தில் 15ஆம் எண் பஸ். மாடிக்கு ஏறி முன் சீட்டில் உட்காருங்கள். ஃப்ளீட் தெரு, செயின்ட் பால்ஸ் தேவாலயம் எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டு டவர் ஆஃப் லண்டன் வாசலில் இறங்கலாம். நெரிசலைப் பொறுத்து முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிஷம். சாப்பிட்ட உடனே வரும் இந்த உட்கார்ந்த பயணம்தான் நாள் முழுதும் பெரியவர்களைத் தாங்கும். நேரம் மிச்சமாகும் என்று டியூபுக்கு மாற்றாதீர்கள்.

இரண்டு மணிக்கு டவருக்குள் போனால் ஐந்து மணி வரை பார்க்கலாம். பிறகு டவர் பிரிட்ஜைக் கால்நடையாகக் கடந்து அக்கரைப் படித்துறையில் உட்காரலாம். மொத்த நடை ஆறு, ஏழு கிலோமீட்டர். குளிர்காலத்தில் டவர் சீக்கிரம் மூடுவதோடு, கடைசி நுழைவு நேரம் மூடும் நேரத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். அப்போது வரிசையைத் தலைகீழாக்கி, டவரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பஸ், டியூபுக்கு என்ன டிக்கெட் வாங்க வேண்டும்? பணமாகக் கொடுக்கலாமா?

பஸ்ஸில் 2014இலிருந்து பணம் வாங்குவதில்லை. தனி டிக்கெட் எதுவும் தேவையில்லை. கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள வங்கிக் கார்டு, அல்லது போனில் ஏற்றிய கார்டு, அல்லது ஆய்ஸ்டர் கார்டு (பணம் ஏற்றிப் பயன்படுத்தும் லண்டன் பயண அட்டை) போதும். மூன்றிலும் பெரியவர்களுக்குக் கட்டணம் ஒன்றுதான். விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகள் செல்லும். யூபிஐ செல்லாது.

டியூபில் ஏறும்போதும் கார்டை இயந்திரத்தில் தட்ட வேண்டும், இறங்கி வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். டி.எல்.ஆர். என்னும் கிழக்கு லண்டன் இலகு ரயிலில் பல ஸ்டேஷன்களில் கேட்டே இருக்காது. பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் மஞ்சள் வட்டம் உள்ள இயந்திரத்தைத் தேடித் தட்ட வேண்டும். மறந்தால் பயணம் எங்கே முடிந்தது என்று கணினிக்குத் தெரியாது, அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடும்.

ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஓர் உச்சவரம்புக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் நாள் என்பது விடியற்காலை நாலரையிலிருந்து மறுநாள் நாலரை வரை. பஸ்ஸில், முதலில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் மற்ற பஸ்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இரண்டுமே தானாகக் கணக்காகும், நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கார்டில் எங்கே சிக்கல் வருகிறது?

நான்கு இடத்தில்.

முதலாவது, ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்டுவது. அப்பா தட்டி உள்ளே போய், கார்டைப் பின்னால் நீட்டி அம்மா தட்டினால் கேட் திறக்காது. ஆளுக்கொரு கார்டு கட்டாயம். ஒரே கணக்கின் துணைக் கார்டாக இருந்தாலும், கார்டு எண் வேறாக இருந்தால் போதும்.

இரண்டாவது நுட்பமானது. பிளாஸ்டிக் கார்டும், அதே கார்டைப் போனில் ஏற்றியதும் இரண்டு வெவ்வேறு கார்டுகளாகத்தான் பதிவாகும். காலையில் போனில் தட்டி உள்ளே போய், சார்ஜ் தீர்ந்ததால் இறங்கும்போது பிளாஸ்டிக் கார்டைத் தட்டினால் இரண்டு அரைகுறைப் பயணங்கள், இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம். எதில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே நாளை முடியுங்கள்.

மூன்றாவது இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ் வசதியும் நீங்களாகத் திறந்தால்தான் வேலை செய்யும். வங்கிச் செயலியில் இரண்டும் தனித்தனி பொத்தான். ஊரிலேயே திறந்து வைத்துவிடுங்கள். லண்டனில் இறங்கிய பிறகு ஓ.டி.பி. வராமல் ஸ்டேஷன் வாசலில் நிற்பதுதான் வழக்கமாக நடக்கிறது. இன்னொன்று, பயணக் கட்டணத்தை அன்றைய கணக்கை முடித்த பிறகுதான் வங்கியிடம் கேட்பார்கள். வங்கி மறுத்தால் மறுநாள் காலை அந்தக் கார்டு கேட்டில் சிவப்பு காட்டும். ஃபாரெக்ஸ் கார்டில் கொஞ்சம் கூடுதலாகவே பணம் வைத்திருங்கள்.

நான்காவது படகு. தேம்ஸ் நதிப் படகுகளிலும் இதே கார்டைத் தட்டலாம், ஆனால் அந்தக் கட்டணம் தினசரி உச்சவரம்பில் சேராது. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து டவருக்குப் படகில் போவது அருமையான பயணம்தான். பஸ்ஸைவிடப் பல மடங்கு செலவு என்று தெரிந்தே ஏறுங்கள்.

பிள்ளைகளுக்குக் கட்டணம் உண்டா?

11 வயது நிரம்பாதவர்களுக்கு டியூப், டி.எல்.ஆர்., ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன் எல்லாவற்றிலும் இலவசம். கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு நான்கு பிள்ளைகள் வரை போகலாம். அகலமான கேட்டுக்குப் போய், பெரியவர் தட்டியதும் பிள்ளையை முன்னால் விட்டுப் பின்னால் நுழையுங்கள். குறுகலான கேட்டில் முயன்றால் நடுவில் கதவு மூடிக்கொள்ளும்.

11 முதல் 15 வயது வரை உள்ளவர்கள் விஷயத்தில்தான் பணம் வீணாகிறது. வங்கிக் கார்டைத் தட்டினால் அவர்களுக்கும் முழுக் கட்டணம். ஆய்ஸ்டர் கார்டு வாங்கி, டியூப் ஸ்டேஷனில் ஊழியரிடம் இளம் பயணியர் சலுகையைப் போட்டுத் தரச் சொன்னால் 14 நாள் வரை பாதிக் கட்டணம். இயந்திரத்தில் நீங்களாகப் போட முடியாது. ஒரே நாள்தான், பிள்ளையும் ஒன்றுதான் என்றால் கார்டு வாங்கும் காசு சலுகையைத் தின்றுவிடும், அப்போது விட்டுவிடலாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. டியூபில் சமாளிப்பாரா?

ஸ்டேஷனைப் பொறுத்தது. டியூபின் முதல் பாதை 1863இல் திறந்தது. பழைய ஸ்டேஷன்களில் லிஃப்ட்டுக்கு இடமே விடவில்லை. மொத்தம் 272 ஸ்டேஷன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் படியில்லாமல் ரயில்வரை போக வழி உண்டு. வரைபடத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தைப் பாருங்கள். நீல வட்டம் என்றால் தெருவிலிருந்து ரயில்வரை படி இல்லை. வெள்ளை வட்டம் என்றால் பிளாட்பாரம்வரை படி இல்லை, ஆனால் ரயிலுக்கு ஏற உயர வித்தியாசமோ இடைவெளியோ இருக்கும்.

சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு உதவும் படியில்லாத ஸ்டேஷன்கள்: வெஸ்ட்மின்ஸ்டர், கிரீன் பார்க், டவர் ஹில், லண்டன் பிரிட்ஜ், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, கிங்ஸ் கிராஸ். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாதவை: பிக்காடில்லி சர்க்கஸ், லெஸ்டர் ஸ்கொயர், சவுத் கென்சிங்டன். கோவன்ட் கார்டனில் லிஃப்ட் இருந்தாலும் பிளாட்பாரத்துக்குப் படி இருக்கிறது. லிஃப்டில் கூட்டம் என்று சுழல்படியில் ஏறினால் 193 படி. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவன்ட் கார்டனுக்கு டியூபில் போவதைவிட மேலே நடப்பது சீக்கிரம்.

நேர்மையாகச் சொன்னால், வலி உள்ளவர்களோடு போகும்போது டியூபை மறந்துவிட்டு பஸ்ஸை நம்புவதே மேல். எல்லாப் பஸ்ஸும் தாழ்தளம், ஓட்டுநரிடம் கேட்டால் சாய்தளமும் இறக்குவார். மாலையில் ஒரு முறை கறுப்பு டாக்ஸி எடுக்கவும் தயங்க வேண்டாம். ஐந்து பேர் உட்காரலாம், சக்கர நாற்காலி ஏறும், மீட்டர் உண்டு, கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்பது விதி. இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு ஐந்தாகப் பிரித்துப் பார்த்தால் பெரிய தொகையாக இருக்காது. வாகனம் வேண்டுமா என்று தெருவில் வந்து கேட்கும் தனியார் கார்களில் மட்டும் ஏறாதீர்கள். அவற்றை முன்பதிவு செய்துதான் எடுக்க வேண்டும்.

கைக்குழந்தைத் தள்ளுவண்டி?

பஸ்ஸில் மடக்காமலே நடுப்பகுதியில் நிறுத்தலாம். சக்கர நாற்காலி வந்தால் இடம் விட வேண்டும், அப்போது மடக்கியாக வேண்டும். அதனால் ஒற்றைக் கையால் மடக்கக்கூடிய சிறிய வண்டியே கொண்டுபோங்கள். எஸ்கலேட்டரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடக்கிவிடுங்கள். வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு.

பக்கிங்காம் அரண்மனையில் காவலர் மாறுவதைப் பார்க்க வேண்டாமா?

பார்க்கலாம், ஆனால் காலை முழுவதும் அதற்கே போய்விடும். சடங்கு பதினொன்றுக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் நடக்கும். பெரும்பாலும் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு மட்டும். மழை பலமானால் ரத்து. முன்வரிசை வேண்டுமென்றால் பத்து மணிக்கே கம்பியருகே நிற்க வேண்டும். அப்படி நின்றாலும் மாற்றம் நடப்பது கம்பிக்கு உள்ளே. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுப்பைதான்.

மேலே சொன்ன ஹார்ஸ் கார்ட்ஸ் சடங்கு திங்கள் முதல் சனி வரை பதினொன்றுக்கு, ஞாயிறு பத்துக்கு. வேலி இல்லாத திறந்த மைதானம், பத்தடி தூரத்தில் குதிரைகள், கூட்டமும் குறைவு. நான்கு மணி வரை வைட்ஹால் வாசலில் இரண்டு குதிரை வீரர்கள் சிலைபோல நிற்பார்கள். அருகில் நின்று படம் எடுக்கலாம், கடிவாளத்தைத் தொடக்கூடாது. குதிரை கடிக்கும் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள்.

டவர் ஆஃப் லண்டன் அவ்வளவு காசுக்குத் தகுமா?

ஒரே ஒரு டிக்கெட்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதற்கு வாங்குங்கள். பதினோராம் நூற்றாண்டில் வில்லியம் மன்னர் கட்டத் தொடங்கிய வெள்ளைக் கோபுரம், கவச உடைகள், அண்டங்காக்கைகள், அரச மகுடங்கள் எல்லாம் ஒரே மதிலுக்குள். இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

உள்ளே நுழைந்ததும் மகுடங்கள் இருக்கும் நகைக் கூடத்துக்கு நேராகப் போய் வரிசையைப் பாருங்கள். நீளமாக இருந்தால் வெள்ளைக் கோபுரத்தை முடித்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் திரும்பி வாருங்கள். காலைத் திறப்பை அடுத்த நேரமும் மாலைக் கடைசியும்தான் அங்கே கூட்டம் குறைவு. முக்கிய மகுடங்களின் முன்னால் நகரும் நடைபாதை இருப்பதால் நின்று பார்க்க முடியாது. படம் எடுக்கவும் கூடாது. 105.6 காரட் கோகினூர் வைரம் 1937இல் செய்த ராணித்தாயார் மகுடத்தின் முன்பக்கத்தில் இருக்கிறது. செங்கோலில் இருப்பது கல்லினன், 530 காரட். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் கடந்து போன பிறகுதான் எது எது என்று கேட்பார்கள்.

சிவப்பும் கருநீலமுமாக உடையணிந்த பீஃபீட்டர் காவலர்கள் கதை சொல்லிக்கொண்டே சுற்றிக் காட்டுவது நுழைவுச் சீட்டிலேயே அடங்கும். ஆங்கிலம் வேகமாக இருக்கும், தலை வெட்டிய கதைகள் தாராளமாக வரும். உள்ளே தரை முழுக்கக் கூழாங்கல், கோபுரங்களில் குறுகிய சுழல்படிகள். ஏற முடியாதவர்கள் நகைக் கூடத்தைப் பார்த்துவிட்டுப் புல்வெளி ஓர பெஞ்சில் உட்காரலாம்.

டவருக்குப் பதில் மியூசியம் போனால்? எது நல்லது?

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் சவுத் கென்சிங்டன். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் காலை 10 முதல் மாலை 5:50 வரை. வாசலிலேயே 25 மீட்டர் நீள நீலத் திமிங்கில எலும்புக்கூடு தொங்கும். டைனோசர் பகுதிக்கு முதலில் போங்கள், மதியம் அங்கே நகர முடியாது. பக்கத்துக் கட்டடம் சயின்ஸ் மியூசியம், 1969இல் நிலாவைச் சுற்றி வந்த அப்பல்லோ 10 விண்கலம் அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவு இலவசம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் முழுதாகப் பார்க்க நினைக்காதீர்கள், தலா இரண்டு பகுதி போதும்.

பெரியவர்களுக்குப் பிரிட்டிஷ் மியூசியம். 10 முதல் 5 வரை, வெள்ளிக்கிழமை இரவு 8:30 வரை. எகிப்திய மம்மிகளையும் ரொசெட்டா கல்லையும் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். 33ஆம் அறையில் சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி இருக்கிறது. அதை ஒட்டிய 33ஏ அறையில் அமராவதி பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக. பல குடும்பங்கள் இந்த அறைகளைத் தாண்டியே போய்விடுகின்றன. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். சக்கரம் வைத்த பெட்டியோடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

எல்லாப் பெரிய மியூசியங்களும் டிசம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும். டிசம்பர் 25 அன்று பஸ், டியூப்கூட ஓடாது.

லண்டன் ஐ ராட்டினம் ஏறத்தான் வேண்டுமா?

135 மீட்டர் உயரம், ஒரு சுற்று அரை மணி நேரம். காட்சி நன்றாகத்தான் இருக்கும். ஐந்து டிக்கெட் விலைக்கு அரை மணி என்பது எங்களுக்கு அதிகமாகப் படுகிறது. உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் ஸ்கை கார்டன் இலவசம்: ஃபென்சர்ச் தெரு 20ஆம் எண் கட்டடத்தின் உச்சி, உள்ளேயே மரம் செடிகளோடு. டவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷ நடை. சுமார் மூன்று வாரம் முன்னதாக இணையத்தில் இடம் திறப்பார்கள், மாலை நேரங்கள் உடனே தீரும். பெரியவர்கள் படமுள்ள அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும்.

திறந்த மாடிச் சுற்றுலா பஸ், எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்: வாங்கலாமா?

பாஸ் வேண்டாம். ஒரே நாளில் நான்கு கட்டண இடங்களுக்குப் போனால்தான் அது கட்டுபடியாகும். குடும்பத்தோடு அது நடக்காது. சுற்றுலா பஸ், நடக்கவே முடியாத பெரியவர் இருந்தால் ஒரு முழுச் சுற்று உட்கார்ந்தே பார்க்க நல்லது. மற்றவர்கள் அதில் இறங்கி ஏறி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே பொழுதைக் கழிப்பார்கள். 15ஆம் எண் போலவே, ஹைட் பார்க் பக்கம் போக 9ஆம் எண், நாடாளுமன்றம் வழியாக 24ஆம் எண் என்று சாதாரணப் பஸ்ஸே அந்த வேலையைச் செய்யும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. சூப்பர்மார்க்கெட் சாண்ட்விச் பாக்கெட்டுகளில் சைவமா, பால்கூட இல்லாததா என்று அச்சிட்டிருக்கும். சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றும் சேர்த்துக் குறைந்த விலைக்குத் தரும் மீல் டீல்தான் பலருக்கும் மதியச் சாப்பாடு. அதை வாங்கிப் பூங்காவில் சாப்பிடுவது நேரத்துக்கும் நல்லது. டிரஃபால்கர் சதுக்கத்தில் மழை வந்தால் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் நிலவறையில் சிற்றுண்டிச்சாலை இருக்கிறது.

கண்டிப்பான சைவர்கள் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். மென்மிட்டாய்களில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். பார்மிசான் போன்ற சீஸ்களில் பாலைத் திரிய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேரும். சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயிலேயே மீனும் பொரிந்திருக்கலாம். இந்த மூன்றும் மற்றபடி சைவமாகத் தெரியும் உணவிலேயே ஒளிந்திருக்கும்.

சோறு, தோசை இல்லாமல் முடியாது என்றால் யூஸ்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டிரம்மண்ட் தெரு. தென்னிந்தியச் சைவ உணவகங்கள் அங்கே வரிசையாக உண்டு, பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து இருபது நிமிஷ நடை. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளியில் இதைவிட நல்ல தமிழ்க் கடைகள் இருக்கின்றன. ஊர் சுற்றும் நாளில் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். மது விற்க உரிமம் உள்ள உணவகங்கள் கேட்டால் இலவசமாகத் தண்ணீர் தர வேண்டும் என்பது சட்டம். பில்லில் 12.5 சதவீத சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் அதற்கு மேல் டிப்ஸ் வைக்க வேண்டாம்.

கழிப்பறை?

பெரும்பாலான டியூப் ஸ்டேஷன்களில் இல்லை. மியூசியங்களில் இலவசம், நேஷனல் கேலரியிலும். சேரிங் கிராஸ், விக்டோரியா, வாட்டர்லூ போன்ற பெரிய ரயில் நிலையங்களில் 2019இலிருந்து காசு வாங்குவதில்லை. பார்க்கும் இடத்திலெல்லாம் பிள்ளைகளைப் போகச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து வந்த மறுநாளே சுற்றலாமா?

சுற்றலாம், சொல்லப்போனால் லாபம்தான். இந்திய நேரத்துக்கு லண்டன் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்தங்கியது. பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கே விழித்துவிடுவார்கள். மியூசியங்கள் பத்துக்குத்தான் திறக்கும் என்றாலும் பாலங்களுக்கும் பூங்காக்களுக்கும் பூட்டு இல்லை, ஏழரைக்கே கிளம்பிவிடுங்கள். வார நாளில் டியூபின் நெரிசல் நேரம் காலை 6:30 முதல் 9:30, மாலை 4 முதல் 7. அப்போது கட்டணமும் கூடுதல், தள்ளுவண்டியோடு ஏறவும் முடியாது. ஆறு மணிக்கு மேல் எல்லோருக்கும் தூக்கம் சொக்கும் என்பதால் இரவு நாடகத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும், ஜூனில் ஒன்பதே கால் வரை வெளிச்சம். குளிர்காலத்தில், சீக்கிரம் மூடும் டவரைத் தவிர, வெளிப்புற இடங்கள் முதலில், உள்ளே பார்ப்பவை பிறகு.

திருட்டு, ஏமாற்று வேலை உண்டா?

போன் பறிப்புதான் முக்கியம். மின்சார சைக்கிளில் நடைபாதை ஓரமாக வந்து, கையில் நீட்டிப் பிடித்த போனைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். வழி பார்க்க வேண்டுமென்றால் கடைக்குள் நுழைந்தோ, சுவரில் சாய்ந்து நின்றோ பாருங்கள். சாலை விளிம்பில் நின்று பார்க்காதீர்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள், டியூபின் எல்லாப் பகுதியிலும் சிக்னல் கிடைக்காது.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மூன்று கிண்ணம், ஒரு பந்து வைத்து சூதாட்டம் நடக்கும். சுற்றி நின்று ஜெயிப்பவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்து ஆட்களே. வேடிக்கை பார்க்கவும் நிற்காதீர்கள், பை போகும். விளக்கும் பாட்டுமாக வரும் ரிக்‌ஷாக்களில் இறங்கும்போது விலை பத்து மடங்காகும். இவற்றைக் கட்டுப்படுத்த 2024இல் சட்டம் வந்திருக்கிறது. ஏறினால் மொத்தத் தொகையை, எல்லோருக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பாஸ்போர்ட்டைத் தங்கும் இடத்தில் பூட்டி வைத்துவிட்டுப் போனில் படம் வைத்திருந்தால் போதும். தெருவில் நடக்க அடையாள அட்டை கட்டாயம் இல்லை.

ரயில் கதவு மூடி, பிள்ளை தனியாகப் போய்விட்டால்?

காலையில் கிளம்பும்போதே ஒரு விதி சொல்லி வையுங்கள். ரயிலில் போய்விட்டவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். பிளாட்பாரத்தில் விடுபட்டவர் அங்கேயே நிற்க வேண்டும், யாரும் அடுத்த ரயிலில் துரத்திப் போகக்கூடாது. தேடிப் போவது பெரியவர் மட்டும். பிளாட்பாரச் சுவரில் இருக்கும் உதவிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் ஊழியர் பேசுவார், அடுத்த ஸ்டேஷனுக்கும் தகவல் போகும். பிள்ளையின் சட்டைப் பையில் நாட்டுக் குறியீட்டோடு போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஏறும்போது ஒரு பெரியவர் முதலில், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில் என்று ஏறினால் இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் வராது.

அவசரத்துக்கு 999. ரயிலில் யாராவது தொந்தரவு கொடுத்தால் போக்குவரத்துக் காவல்துறைக்கு 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். உடல்நலக் குறைவு, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 111. மருத்துவமனை அவசரப் பிரிவில் வெளிநாட்டவருக்கும் சிகிச்சை இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்தால் கட்டணம் தொடங்கும், அதற்குத்தான் பயணக் காப்பீடு.

வாங்கிய பொருள்களுக்கு விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. 2021 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ரசீதுகளோடு கவுண்டர் தேடாதீர்கள்.

இரவு விமானம். பெட்டிகளை எங்கே வைப்பது?

ஹோட்டலில் அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியை வைத்துக்கொள்வார்கள், முதலில் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் பெரிய ரயில் நிலையங்களில் பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்கும் பாதுகாப்பறைகள் உண்டு. ஹீத்ரோ போகிறவர்கள் பாடிங்டனில் வைத்தால் திரும்பும் வழியிலேயே எடுத்துக்கொண்டு எலிசபெத் லைனில் ஏறலாம். மாலை ஆறு மணிக்கு அந்த ரயில் நிரம்பி வழியும். பெட்டிகளோடு ஐந்து பேர் என்றால் நாலு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள்.